இல்லை என்று சொல்லத் தெரியாத பெட்டி

ஒரு விண்மீனின் ஒளி அளவுகளைக் கணினியில் ஏற்றி, அதன் குறுக்கே கோள் கடக்கும்போது ஒளி மங்குவதைத் தேடும் நிரலை ஓட்டிப் பாருங்கள். அரை நிமிடத்தில் விடை வந்துவிடும்: சுற்றுக்காலம் இத்தனை நாள், ஆழம் இவ்வளவு, கடப்பு இத்தனை மணி நேரம். இப்போது அதே அளவுகளைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் விடை வரும். எண்கள் மாறியிருக்கும், அவ்வளவுதான். இந்த நிரல்களுக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. தேடச் சொன்ன வரம்புக்குள் எது கொஞ்சம் தலைதூக்கி நிற்கிறதோ அதை எடுத்து நீட்டிவிடும். அது கோளா, வேறு ஏதாவதா என்ற கேள்வி அதன் வேலையே அல்ல.

புறக்கோள், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள், தேடலுக்குப் புதிதாக வருபவர்கள் 'எந்த நிரல் சிறந்தது?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நிரல் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தேடலுக்கு முன்னால் தரவை என்ன செய்தோம், தேடிய பிறகு விடையை எப்படிக் குறுக்கு விசாரணை செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கட்டுரையிலும் தேடலுக்குக் கிடைத்திருப்பது சிறிய பகுதிதான்.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் எண்களில் பார்த்துவிடுவோம். கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது மறைக்கும் ஒளி, இரண்டின் ஆர விகிதத்தின் வர்க்கம். வியாழன் அளவுள்ள கோள் சூரியனை மறைத்தால் ஒளி சுமார் 1% குறையும். பூமி மறைத்தால் 84 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 84 பங்கு. 1999-இல் எச்.டி. 209458 விண்மீனின் கோள் கடப்பைத் தரையிலிருந்தே, சின்னத் தொலைநோக்கியாலேயே பிடிக்க முடிந்தது, ஆழம் 1.5 சதவீதத்துக்கும் சற்று மேல். 2011-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-10 பி என்ற பாறைக் கோளின் ஆழம் வெறும் 152 பி.பி.எம். அதைப் பிடிக்க விண்வெளித் தொலைநோக்கி வேண்டியிருந்தது. அந்தக் கோளுக்கு ஒரு ஆண்டு என்பது 20 மணி நேரம்தான் என்பதால், நூற்றுக்கணக்கான கடப்புகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் முடிந்தது.

கடப்பின் நீளத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சூரியனைப் போன்ற விண்மீனுக்கு, ஓராண்டுச் சுற்றுக்காலம் என்றால் 13 மணி நேரம். அது சுற்றுக்காலத்தின் கனமூலத்தோடு சேர்ந்து மாறும். 10 நாள் சுற்றுக்காலம் என்றால் ஏறத்தாழ 4 மணி, 3 நாள் என்றால் 2.6 மணி. சிறிய சிவப்பு விண்மீன்களுக்கு இதைவிடக் குறைவு. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் போலிகளைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிடலாம். ஒரு நாள் சுற்றுக்காலமும் 9 மணி நேரக் கடப்பும் என்று நிரல் சொன்னால் அது கோள் அல்ல, பெரும்பாலும் விண்மீனின் சொந்தத் துடிப்பு.

தரவு

இன்று வீட்டிலிருந்து தேடுபவருக்கு முதல் தேர்வு நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவு. 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது. 10.5 செ.மீ. துளையுள்ள நான்கு கேமராக்கள் வானத்தை 24 பாகை அகலமும் 96 பாகை நீளமும் கொண்ட பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுமார் 27 நாள் பார்க்கும். அந்த 27 நாளைத்தான் செக்டார் என்கிறார்கள். தேர்ந்தெடுத்த விண்மீன்களுக்கு 2 நிமிடத்துக்கு ஒரு அளவு கிடைக்கும். முழுச் சட்டகப் படங்கள் தொடக்கத்தில் 30 நிமிடத்துக்கு ஒன்று, பிறகு 10 நிமிடம், அதன் பிறகு 200 நொடி. எல்லாம் பால்டிமோரில் உள்ள மாஸ்ட் ஆவணக் காப்பகத்தில் இலவசம். பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால், விண்மீனின் டிக் எண்ணை, அதாவது டெஸ் பட்டியலில் அதற்குள்ள எண்ணைக் கொடுத்து நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு செக்டாருக்கு 2 நிமிட அளவில் இடைவெளி போக சுமார் 18,000 புள்ளிகள். சாதாரண மடிக்கணினிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

கோப்பைத் திறந்தால் இரண்டு ஒளிப் பத்திகள் இருக்கும். ஒன்று சாப், பிக்சல்களை அப்படியே கூட்டிய கச்சா அளவு. இன்னொன்று பி.டி.சி. சாப், அக்கம்பக்கத்து விண்மீன்களில் பொதுவாகக் காணப்படும் ஏற்ற இறக்கங்களைக் கழித்து, அண்டை விண்மீன்களிலிருந்து கசியும் ஒளிக்கும் திருத்தம் செய்த அளவு. தேடலுக்கு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு சமிக்ஞை கிடைத்தவுடன் கச்சா அளவிலும் அது தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். திருத்தும் நிரல் சில சமயம் தன் பங்குக்கு ஒரு பள்ளத்தைத் தோண்டி வைக்கும். இரண்டிலும் ஆழம் சற்று வேறுபட்டால் பதற வேண்டாம். கசிவுத் திருத்தம் ஒன்றில் உண்டு, இன்னொன்றில் இல்லை.

ஒவ்வொரு புள்ளியோடும் ஒரு தரக் குறியீடு வரும். விண்கலத்தின் சுழற்சக்கரங்களில் சேர்ந்த உந்தத்தை அவ்வப்போது வெளியேற்றுவார்கள். அப்போது பார்வை ஒரு கணம் அசையும். அந்தப் புள்ளிகளுக்கு 32 என்ற குறியீடு. பூமியிலிருந்தோ நிலவிலிருந்தோ சிதறிய ஒளி கேமராவுக்குள் புகுந்திருந்தால் 4096. லைட்கர்வ் தானாகவே மோசமானவற்றை நீக்கும். ஆனால் குறியிட்ட புள்ளிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் அசைவின் தடம் இருக்கலாம், அதை அது நீக்காது. முதல் செக்டாரில் டெஸ் நாட்கணக்கில் 1347-இலிருந்து 1349 வரை விண்கலம் அளவுக்கு மீறி ஆடியது. அந்தப் பகுதியைக் கையால் வெட்டி எறிவதுதான் வழக்கம். டெஸ் நாட்கணக்கு என்பது ஜூலியன் நாளிலிருந்து 24,57,000 கழித்த எண். டெஸ்ஸுக்கு முன்னோடியான கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கிக்குக் கழிக்க வேண்டியது 24,54,833. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேலை முழுவதும் வீண்.

நெளிவெடுப்பு

பாத்திரத்தில் விழுந்த நெளிவைத் தட்டி எடுப்பவருக்கு எது நெளிவு, எது வேலைப்பாடு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒளிவளைவிலும், அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் கோட்டிலும், அதேதான். விண்மீனின் புள்ளிகள் சுழல்வதால் வரும் மெதுவான அலை, கேமரா சூடாவதால் வரும் சரிவு எல்லாவற்றையும் தட்டி நேராக்க வேண்டும். கடப்பின் பள்ளம் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். மற்ற எல்லாப் படிகளிலும் நடக்கும் தவறுகளைச் சேர்த்தாலும் இந்த ஒரு படியில் நடப்பதற்கு ஈடாகாது.

லைட்கர்வில் நேராக்குவதற்கு ஒரு கட்டளை உண்டு. சாவிட்ஸ்கி-கோலே வடிகட்டி. ஒவ்வொரு முறையும் அது எத்தனை புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்து வளைவு போடுகிறது என்பதுதான் ஜன்னல்; அதன் நீளம் சொல்லாமல் விட்டால் 101 புள்ளிகள். கெப்ளரின் அரைமணித் தரவில் 101 புள்ளி என்பது 49 மணி நேரத்துக்கு மேல். 4 மணி நேரக் கடப்புக்குப் போதுமான அகலம். அதே 101-ஐ டெஸ்ஸின் 2 நிமிடத் தரவில் அப்படியே விட்டால் ஜன்னல் 3.4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். 20 நொடித் தரவில் 34 நிமிடம். கடப்பைவிடச் சிறிய ஜன்னலுக்கு அந்தப் பள்ளமே ஒரு நெளிவாகத் தெரியும், தட்டி எடுத்துவிடும். நிரல் பிழை எதுவும் காட்டாது. ஒளிவளைவு மிக அழகாக, மிகத் தட்டையாக இருக்கும். கோள் மட்டும் இருக்காது.

ஜன்னலைப் புள்ளிக் கணக்கில் யோசிக்காமல் நாள் கணக்கில் யோசித்தால் இந்த வம்பு இல்லை. வோட்டான் என்ற தொகுப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. அதில் பைவெயிட் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். சராசரியிலிருந்து மிகவும் விலகிய புள்ளிகளுக்கு மதிப்புக் கொடுக்காத முறை என்பதால், பள்ளத்தின் பக்கம் வளைவு இழுபடாது. ஜன்னல் அகலம், தேடும் மிக நீளமான கடப்பைப்போல மூன்று மடங்கு. 6 மணி நேரக் கடப்பு வரை தேடுகிறீர்கள் என்றால் 18 மணி, அதாவது 0.75 நாள். தரவில் அரை நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கே துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நேராக்கச் சொல்லுங்கள். துண்டுகளின் ஓரங்களில் ஜன்னலுக்கு ஒரு பக்கம்தான் தரவு இருக்கும். அங்கே வளைவு தறிகெட்டுப் போகும். ஓரத்தில் சில மணி நேரத்தைத் தூக்கிப் போடுவது நஷ்டம்தான். ஆனாலும் போடுங்கள். டெஸ் ஒவ்வொரு செக்டாரின் நடுவிலும் பூமிக்கு அருகே வரும்போது, தரவை அனுப்புவதற்காக விண்மீன்களைப் பார்ப்பதை நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியின் இரு ஓரங்களும் 13 நாளை ஒட்டிய போலிச் சுற்றுக்காலங்களின் விளைநிலம்.

வேகமாகச் சுழலும் விண்மீன்கள் தனித் தலைவலி. சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவு என்றால் 0.75 நாள் ஜன்னல் அந்த அலையைப் பின்தொடரவே முடியாது. ஜன்னலைக் குறுக்கினால் கடப்பு போய்விடும். இதற்கு நல்ல வழி என்று எதுவும் இல்லை. அலையையும் கடப்பையும் ஒரே நேரத்தில் பொருத்தும் காஸியன் செயல்முறை உண்டு, நேரம் தின்னும். ஆயிரம் விண்மீன்களைத் தேடும்போது இத்தகையவற்றை ஒதுக்கி வைப்பதே நடைமுறை.

இன்னொரு ஓசையில்லாத கொலையும் உண்டு. தனித்து நிற்கும் புள்ளிகளை நீக்கும் கட்டளை, சொல்லாமல் விட்டால் மேலும் கீழும் 5 சிக்மாவுக்கு அப்பால் உள்ளதை வெட்டும் (சிக்மா என்பது புள்ளிகளின் சிதறலை அளக்கும் எண்). 10 நாளுக்கு ஒருமுறை வரும், 1% ஆழமுள்ள கடப்பு அதில் மொத்தமாகப் போய்விடும். ஒரு நாளுக்கு ஒருமுறை வருவது பெரும்பாலும் தப்பிக்கும், ஏனென்றால் அது அடிக்கடி வந்து சிக்மாவையே பெருக்கிவிடுகிறது. மேல் பக்கம் மட்டும் வெட்டுங்கள். விண்மீனின் சுடர் வெடிப்புகளும் அண்டக்கதிர்த் தெறிப்புகளும் மேலேதான் போகும்.

மடித்துப் பார்ப்பது

தேடும் முறையை 2002-இல் கோவாச், சுக்கர், மாசே என்ற மூவர் எழுதினார்கள். பெயர் பாக்ஸ் லீஸ்ட் ஸ்கொயர்ஸ், சுருக்கமாக பி.எல்.எஸ். பெயரில் உள்ள பெட்டிதான் தலைப்பில் இருப்பதும். நீளமான சேலையில் சீரான இடைவெளியில் ஒரு புட்டா நெய்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரியான அளவில் மடித்துக்கொண்டே போனால் எல்லாப் புட்டாக்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அளவு கொஞ்சம் தவறினாலும் சிதறிவிடும். நிரல் செய்வது அதைத்தான். ஒரு சுற்றுக்காலத்தை எடுத்து ஒளிவளைவை மடிக்கிறது. மடித்ததன்மேல் ஒரு செவ்வகப் பள்ளத்தை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அகலங்களில் பொருத்திப் பார்க்கிறது. எது நன்றாகப் பொருந்துகிறதோ அதற்கு மதிப்பெண் போடுகிறது. பிறகு அடுத்த சுற்றுக்காலம். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் வானியல் தொகுப்பில் இது உள்ளேயே இருக்கிறது.

உண்மையான கடப்பு செவ்வகம் அல்ல. விண்மீனின் விளிம்பு மையத்தைவிட மங்கல் என்பதால் பள்ளத்தின் அடி உருண்டிருக்கும். ஹிப்கே, ஹெல்லர் இருவரும் 2019-இல் வெளியிட்ட டி.எல்.எஸ். நிரல் செவ்வகத்துக்குப் பதில் அந்த உருண்ட வடிவத்தைப் பொருத்துகிறது. கண்டுபிடிக்கும் திறன் சுமார் 10% கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆழமான கடப்புகளுக்கு இது எதையும் மாற்றாது. இரைச்சலின் விளிம்பில் நிற்கும் சிறு கோள்களுக்குத்தான் அந்த 10% பொருள்படும். விலை, நேரம்: பி.எல்.எஸ். நொடிகளில் முடிக்கும் வேலைக்கு இது நிமிடங்கள் எடுக்கலாம். தரவை 10 நிமிடக் கட்டுகளாகச் சேர்த்துவிட்டால் புள்ளிகள் ஐந்தில் ஒரு பங்காகும். ஒன்றரை மணி நேரக் கடப்பில் அப்போதும் 9 புள்ளி இருக்கும்.

எந்தெந்தச் சுற்றுக்காலங்களைச் சோதிப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. சுற்றுக்காலத்தில் உள்ள சிறு பிழை ஒவ்வொரு மடிப்பிலும் சேர்ந்துகொண்டே போகும்; கடைசி மடிப்பில் அந்தப் பிழை கடப்பின் நீளத்தைத் தாண்டக் கூடாது. எனவே தரவு நீளமாக நீளமாகப் படிகள் நெருக்கமாக வேண்டும், அதுவும் சுற்றுக்காலத்தில் சம இடைவெளியில் அல்ல, அதிர்வெண்ணில். ஆஸ்ட்ரோபை தானாகப் போடும் கட்டம், மிகக் குறைந்த கடப்பு நீளத்தைத் தரவின் மொத்த நீளத்தின் வர்க்கத்தால் வகுத்துப் படியை முடிவுசெய்கிறது. அரை நாள் முதல் 13 நாள் வரை, 0.05 நாள் கடப்பு, 27 நாள் தரவு என்றால் சுமார் 28,000 படிகள். அதே கேள்வியைக் கெப்ளரின் நான்காண்டுத் தரவில் கேட்டால் 8 கோடியைத் தாண்டும்; கணினி நினைவு தீர்ந்து உறைந்து நிற்கும். 2018-இல் ஒரு செக்டார், 2020-இல் ஒரு செக்டார் என்று இரண்டை ஒட்டினாலும் இதே கதிதான், ஏனென்றால் இடையில் உள்ள வெற்று இரண்டாண்டும் நீளத்தில் சேரும். செக்டார்களைத் தனித்தனியாகத் தேடி, கிடைத்த சுற்றுக்காலத்தைச் சுற்றி மட்டும் நெருக்கமான கட்டம் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி தேடுங்கள். டி.எல்.எஸ். தன் கட்டத்தைச் சிக்கனமாகவே போட்டுக்கொள்ளும். விண்மீனின் நிறையையும் ஆரத்தையும் கொடுத்தால் இன்னும் சிக்கனம்.

எவ்வளவு உயரம் போதும்?

மதிப்பெண்ணின் உச்சி எவ்வளவு உயர்ந்தால் நம்பலாம்? முதலில் எதிர்பார்ப்பைக் கையால் கணக்கிடுங்கள். 2 நிமிடத்துக்கு 500 பி.பி.எம். இரைச்சல் உள்ள, சூரியன் அளவு விண்மீன். பூமியைப்போல இரு மடங்கு ஆரமுள்ள கோள். ஆழம் 336 பி.பி.எம். 3 நாள் சுற்றுக்காலம், 2.6 மணிக் கடப்பு, ஒரு கடப்புக்கு 78 புள்ளி. 336-ஐ 500-ஆல் வகுத்து 78-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஒரு கடப்புக்கு 5.9, அதாவது சமிக்ஞை இரைச்சலைப்போல அத்தனை மடங்கு. ஒரு செக்டாரில் 8 கடப்பு கிடைத்தால், 8-இன் வர்க்கமூலத்தாலும் பெருக்க, மொத்தம் 17-ஐ ஒட்டி. தாராளமாகப் பிடிக்கலாம். அதே இடத்தில் பூமி அளவுக் கோள் இருந்தால் 4.2. கெப்ளர் குழு வைத்த வாசல் 7.1, லட்சக்கணக்கான விண்மீன்களில் அத்தனை சுற்றுக்காலங்களையும் சோதிக்கும்போது வெறும் இரைச்சல் ஒருமுறைக்கு மேல் வாசலைத் தாண்டக் கூடாது என்று கணக்கிட்டு வைத்த எண் அது. 4.2 வாசலுக்கு வெளியே. அந்த விண்மீனில் பூமியைத் தேடுவது நேர விரயம் என்று தேடும் முன்பே தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு ஒவ்வொரு புள்ளியின் இரைச்சலும் தன் அண்டைப் புள்ளியோடு தொடர்பில்லாதது என்று எண்ணிக்கொள்கிறது. உண்மைத் தரவில் அப்படி இல்லை. இரைச்சல் கூட்டம் கூட்டமாக வரும், ஒரு மணி நேரம் தாழ்ந்தே இருக்கும், பிறகு ஏறும். அதனால்தான் 7.1-ஐத் தாண்டியும் குப்பை வருகிறது. கெப்ளரின் இறுதிப் பட்டியலில் சுமார் 2 லட்சம் விண்மீன்களிலிருந்து 34,032 சமிக்ஞைகள் வாசலைத் தாண்டின. அவற்றில் கோளாக இருக்கலாம் என்று தேறியவை 4,034. அந்தக் குப்பையில் பெரும் குவியல் ஒன்று 372 நாள் சுற்றுக்காலத்தில் இருந்தது. கெப்ளர் சூரியனைச் சுற்ற எடுக்கும் காலம் அது. கலம் காலாண்டுக்கு ஒருமுறை 90 பாகை திரும்புவதால், ஒரே விண்மீன் ஆண்டுக்கு ஒருமுறை கேமராவின் அதே பழுதான சில்லில் வந்து விழும். பூமியை ஒத்த கோள் எங்கே கிடைக்க வேண்டுமோ சரியாக அங்கேயே இந்தப் போலி வந்து உட்கார்ந்ததுதான் கொடுமை.

குறுக்கு விசாரணை

உச்சி கிடைத்தவுடன் நான் முதலில் பார்க்கச் சொல்வது கடப்புகளின் எண்ணிக்கை. பெட்டிக்குப் பிடித்த ஒரு தந்திரம் உண்டு: ஒரே ஒரு பெரிய பள்ளத்தை எடுத்து, மற்றக் கடப்புகள் எல்லாம் தரவு இடைவெளிகளில் விழும்படி ஒரு சுற்றுக்காலத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆஸ்ட்ரோபை ஒவ்வொரு கடப்பிலும் எத்தனை புள்ளி இருந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு பங்களித்தது என்று தனித்தனியாகச் சொல்லும். மூன்று கடப்பாவது இருக்க வேண்டும். ஒன்றே எல்லாச் சுமையையும் தூக்கக் கூடாது. அதே புள்ளிவிவரத்தில், பள்ளத்துக்குப் பதில் ஒரு சைன் அலை இன்னும் நன்றாகப் பொருந்துகிறதா என்ற எண்ணும் வரும். அலை வென்றால் அங்கேயே மூடிவிடலாம்.

அடுத்தது ஒற்றை-இரட்டைச் சோதனை. ஒன்றையொன்று மறைக்கும் இரு விண்மீன்களின் பள்ளங்கள் கிட்டத்தட்ட ஒரே ஆழமாக இருந்தால், நிரல் பாதிச் சுற்றுக்காலத்தைப் பிடித்துக்கொள்ளும். 1, 3, 5-ஆம் பள்ளங்களைத் தனியாகவும் 2, 4, 6-ஐத் தனியாகவும் அடுக்குங்கள். ஆழம் பிழை வரம்பைத் தாண்டி வேறுபட்டால் அவை விண்மீன்கள். பிறகு பாதிச் சுற்றில், அதாவது அடுத்தடுத்த இரு பள்ளங்களுக்கு நடுவில், இரண்டாவது சிறு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் இரட்டை விண்மீன். பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் மிகச் சூடான பெருங்கோள்களுக்கும் இது உண்டு. வாஸ்ப்-18 பி என்ற கோள் தன் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது டெஸ் தரவில் சுமார் 340 பி.பி.எம். குறைகிறது.

சுற்றுக்காலத்தின் இரு மடங்கு, பாதி ஆகியவற்றைப் போலி என்று தானாகத் தள்ளும் விதியைப் பலர் நிரலில் எழுதிவைக்கிறார்கள். அதற்கு எல் 98-59 நல்ல பாடம். பறக்கும்மீன் விண்மீன் குழுவில், 35 ஒளியாண்டு தூரத்தில் உள்ள சிறு சிவப்பு விண்மீன். டெஸ் தரவில் 2019-இல் மூன்று கோள்கள் அறிவிக்கப்பட்டன. சுற்றுக்காலங்கள் 2.25, 3.69, 7.45 நாள். 3.69-இன் இரு மடங்கு 7.38. நிரலில் 2% சலுகையோடு 'இரட்டிப்பானால் தள்ளு' என்று எழுதியிருந்தால் மூன்றாவது கோள் போயே போச்சு. சரியான வழி, முதலில் கிடைத்த கோளின் கடப்புகளை முழுவதும் மறைத்துவிட்டு மறுபடி தேடுவது. மறைக்கும்போது கடப்பின் நீளத்தைப்போல ஒன்றரை முதல் இரு மடங்கு அகலம் கொடுங்கள். 7.38 என்ற எதிரொலி மறைப்போடு காணாமல் போகும். 7.45 நிற்கும். தொடங்கிப் பார்க்க விரும்புபவர்களுக்கு டிக் எண் 307210830.

டெஸ்ஸில் அதிகம் பேரை ஏமாற்றுவது அக்கம்பக்கத்து விண்மீன்தான். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 விகலை (விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு), கெப்ளருக்கு 4. இலக்கைவிட 5 பருமன் மங்கலான, அதாவது நூறில் ஒரு பங்கு ஒளியுள்ள இரட்டை விண்மீன் ஒன்று அதே பிக்சலில் உட்கார்ந்துகொண்டு பாதி மறைந்து எழுந்தால், நமக்குத் தெரிவது 0.5% பள்ளம். சனி அளவுக் கோள் என்று துள்ளிக் குதிக்க வைக்கும். இதற்குப் பிக்சல் கோப்பை இறக்க வேண்டும். கடப்புக்கு வெளியே எடுத்த படங்களின் சராசரியிலிருந்து கடப்பின்போது எடுத்த படங்களின் சராசரியைக் கழியுங்கள். எங்கே ஒளி குறைந்ததோ அந்த இடம் மட்டும் பளிச்சென்று நிற்கும். அது உங்கள் விண்மீனின்மேல் இருக்கிறதா, ஒரு பிக்சல் தள்ளி இருக்கிறதா? அதன்மேல், விண்மீன்களின் இடங்களை அளந்த கையா விண்கலத்தின் பட்டியலில் உள்ள விண்மீன்களைப் பதித்துப் பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் கண்ணில் படும். தனி விண்மீன் என்று கொண்டால் அளவுகள் எவ்வளவு பொருந்தாமல் போகின்றன என்று காட்ட கையா தரும் ரூவி எண் 1.4-க்கு மேல் இருந்தால் இலக்கே இரட்டையாக இருக்கலாம்.

பல விண்மீன்களைத் தேடுபவர்களுக்கு மலிவான ஒரு சோதனை: எல்லாவற்றிலும் கிடைத்த பள்ளங்களின் நேரங்களை ஒரே பட்டியலில் போட்டு எண்ணுங்கள். நாற்பது விண்மீன்கள் ஒரே மணி நேரத்தில் மங்கினால் குற்றம் விண்கலத்துடையது. சூரிய வீதிக்கு, அதாவது வானில் சூரியன் போகும் பாதைக்கு அருகே பார்க்கும் செக்டார்களில் சிறுகோள்கள் பிக்சல்களைக் கடந்து போவதும் பின்னணிக் கணக்கைக் குழப்பிப் பள்ளம் போலத் தெரியும்.

இந்த விசாரணையைச் செய்யப் பழக்கிய நரம்பு வலை நிரல்களும் வந்துவிட்டன. 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 'கெப்ளர்-90 ஐ' என்ற கோள் அப்படிக் கிடைத்ததுதான். மடித்த ஒளிவளைவை 2001 கட்டங்களாக முழுவதும், 201 கட்டங்களாகக் கடப்பை நெருங்கியும் இரண்டு படமாகக் கொடுத்தார்கள். பல்லாயிரம் சமிக்ஞைகளைச் சலிக்க நல்ல கருவி. பத்து சமிக்ஞை வைத்திருப்பவர் கண்ணால் பார்ப்பதே மேல்.

பொய்த் தரவு கொடுத்துப் பார்ப்பது

'இல்லை' என்று சொல்லத் தெரியாத நிரலிடம், இல்லை என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த தரவைக் கொடுத்தால் என்ன சொல்கிறது? சராசரி 1 ஆக்கப்பட்ட ஒளிவளைவை 2-இலிருந்து கழித்துத் தலைகீழாக்குங்கள். பள்ளங்கள் மேடாகும், மேடுகள் பள்ளமாகும். இரைச்சலின் குணம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கோள் இருக்க வாய்ப்பே இல்லாத இந்தத் தரவில் உங்கள் நிரல்சங்கிலி முழுவதையும் ஓட்டினால், எத்தனை 'கோள்' கிடைக்கிறதோ அதுவே உங்கள் பொய் விகிதத்தின் மதிப்பீடு. செக்டார் துண்டுகளை இடம் மாற்றிக் குலுக்குவது இன்னொரு வழி. கெப்ளர் குழு தன் இறுதிப் பட்டியலுக்கு இரண்டையும் செய்தது.

எதிர்த்திசைச் சோதனையும் வேண்டும். பேட்மேன் என்ற தொகுப்பால் போலிக் கடப்புகளைச் செய்து தரவில் புதைத்து, நிரல் எத்தனையைத் தோண்டி எடுக்கிறது என்று பாருங்கள். சுற்றுக்காலம் ஒரு பக்கம், ஆரம் ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இருபது முப்பது முறை. புதைக்க வேண்டியது நெளிவெடுப்புக்கு முன்னால். நேராக்கிய பிறகு புதைத்துவிட்டு '95% கிடைக்கிறது' என்பவர்கள், தங்கள் நிரலில் மிக அதிகமாகக் கோள்களைத் தின்னும் பகுதியைச் சோதிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இத்தனையும் தாண்டி ஒன்று நின்றால், கடப்புகளை மறைத்துவிட்டு நெளிவெடுப்பை மறுபடி செய்து, ஆழத்தையும் சுற்றுக்காலத்தையும் புதிதாக அளவிடுங்கள். முதல் தேடலில் வந்த ஆழம் கிட்டத்தட்ட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். சுற்றுக்காலத்தின் பிழையை இங்கே அலட்சியம் செய்தால் பின்னால் வலிக்கும். 3.7 நாள் சுற்றுக்காலத்தில் 0.001 நாள் பிழை என்றால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவுதான். ஓராண்டில் 99 சுற்று. பிழை 140 நிமிடத்தைத் தாண்டிவிடும். தரையிலிருந்து பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்புபவருக்குக் கடப்பு முன்னிரவிலா பின்னிரவிலா என்றே சொல்ல முடியாது.

நேரத்தை மாற்றும்போதும் கவனம். டெஸ் தரும் நேரம் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குத் திருத்தியது. பூமியில் நிற்பவரின் நேரத்திலிருந்து 8 நிமிடம் வரை முன்பின் ஆகலாம். அதன் கடிகாரமும் பன்னாட்டு நேரத்தைவிட 69 நொடி முந்தி ஓடுகிறது. ஜூலியன் நாள் பன்னாட்டு நேரப்படி நண்பகலில் தொடங்கும். நம் கடிகாரத்தில் மாலை 5.30. எனவே நம் ஊரில் இரவு முழுவதும் ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கும். இது ஒரு வசதி.

0.1% ஆழத்தைத் தரையிலிருந்து சிறு தொலைநோக்கியால் அளக்க முடியாதே என்று இந்த இடத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அளக்க வேண்டியதில்லை. டெஸ்ஸின் ஒரே பிக்சலுக்குள் மூன்று நான்கு விண்மீன்கள் நெருக்கிக்கொண்டிருக்கும். 2 விகலைத் தெளிவில் படமெடுக்கும் 30 செ.மீ. தொலைநோக்கிக்கு அவை தனித்தனியாகத் தெரியும். கடப்பு நேரத்தில் இலக்கைச் சுற்றி இரண்டரைக் கலைக்குள், அதாவது 150 விகலைக்குள் உள்ள எல்லா விண்மீன்களையும் வரிசையாக அளந்து, அவற்றில் எதுவும் ஆழமாக மங்கவில்லை என்று காட்டினால் போதும். மங்கலான அண்டை விண்மீன்களுக்கு ஏற்றபடி படமெடுக்கும் நேரத்தை நீட்டுங்கள்.